எம்ஜிபி ஜிடி காருக்கு மாற்று எக்ஸாஸ்ட்: ஒரே தலைவலி, இரண்டு காரணங்கள்

காரும் அதை ஓட்டுபவர்களும்

நான் வேலை செய்யும் பட்டறை இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் இருக்கிறது. எங்களிடம் வருபவை பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் கார்கள். 2022 மார்ச்சில் வந்த ஓர் எம்ஜிபி ஜிடிக்கு எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாயும் சைலன்சர்களும்) மாற்றியதையும், அதை நான்கு மாதத்துக்குள் மறுபடி மாற்ற வேண்டி வந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். இந்த வேலையில் இரண்டு தவறுகள் எங்கள் பக்கம் நடந்தன. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவான ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. திறந்த கூரை ரோட்ஸ்டர் முதலில் வந்தது. சாய்ந்த பின்கதவும் இரும்புக் கூரையும் கொண்ட ஜிடி 1965-ல் வந்தது. இரண்டிலும் ஒரே 1798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரட்டை எஸ்யூ கார்பரேட்டர். ஆனால் எக்ஸாஸ்ட் தேர்வு என்று வந்தால் ரோட்ஸ்டரையும் ஜிடியையும் இரண்டு வேறு வண்டிகளாகத்தான் பார்க்க வேண்டும். அது எனக்கு இந்த வேலையில்தான் முழுசாகப் புரிந்தது.

வந்த கார் 1971-ம் ஆண்டு ஜிடி. குரோம் பம்பர், நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ். சொந்தக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர், ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கும் மேலாக அதே காரை வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை அவரும் மனைவியும் எம்5 நெடுஞ்சாலையில் ஏறி எக்ஸிட்டரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவார்கள். ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அந்தப் பயணத்தில் மனைவி குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்புகளைச் சத்தமாக வாசிப்பார், இவர் ஓட்டிக்கொண்டே பதில் சொல்வார். இது வெறும் வீட்டுச் செய்தி என்று அன்றைக்கு நினைத்தேன். முழு வழக்கும் கடைசியில் அதில்தான் வந்து நின்றது.

பட்டறைக்கு வந்த நாளில் பார்த்தது

அவர் சொன்ன புகார்கள் இரண்டு. எஞ்சின் பக்கம் "புஸ் புஸ்" என்று காற்று பிரியும் சத்தம் கேட்கிறது. அப்புறம், குளிர்காலம் தொடங்கியதிலிருந்து நீண்ட பயணத்தில் மனைவிக்குத் தலைவலி வருகிறது. இரண்டாவதை அவர் எக்ஸாஸ்ட்டோடு சேர்த்துச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் வந்தது. எங்கள் பட்டறையின் மூத்த மெக்கானிக் உடனே நிமிர்ந்து, "கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவீர்களா?" என்று கேட்டார். குளிர் என்பதால் ஆமாம் என்றார்.

காரை லிஃப்டில் ஏற்றினோம். பின் சைலன்சரின் மடிப்புத் தையல் ஓரமாகப் பிளந்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் மொத்தென்று கேட்டது. உள்ளே துருச் செதில்கள் சலசலத்தன. நடு சைலன்சரில் யாரோ எப்போதோ பசை பூசி ஒட்டிய தடம் இருந்தது. முன்னால், எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து எடுக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் இரட்டை இறங்குகுழாயும் சேரும் இடத்தில் கரி படிந்து விசிறி மாதிரி விரிந்திருந்தது. அந்த இணைப்பில் ஆறு ஸ்டட்டும் (தலையில்லாத திருகு) ஆறு பித்தளை நட்டும் இருக்க வேண்டும். ஒரு நட் காணவில்லை. இன்னொன்று கையாலேயே சுற்றியது.

பின் சைலன்சர்தான் முதலில் போகும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான குழாயில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். எஞ்சினிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் பின் சைலன்சர் பெட்டி சூடாக நேரம் பிடிக்கும். கடைக்குப் போய் வரும் பத்து நிமிட ஓட்டத்தில் அது சூடாவதே இல்லை, தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து குளிர்கால உப்பு, உள்ளிருந்து, புகை வாயுக்கள் கரைந்து அமிலமான இந்தத் தண்ணீர். எக்ஸிட்டர் பயணம் போக மீதி நாள்களில் இந்தக் கார் ஓடியதெல்லாம் இந்த மாதிரிக் குட்டி ஓட்டங்கள்தான்.

புகையில் இருக்கும் மணமற்ற விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடைப் பார்க்க எண் காட்டும் கை மீட்டரைக் காருக்குள் வைத்து ஓட்டினோம். வீட்டுச் சுவரில் மாட்டும் அலாரம் இதற்குப் போதாது. ஐரோப்பியத் தரப்படி 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவில் அந்த அலாரம் ஒலிக்க 60 முதல் 90 நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். கை மீட்டரோ இருபது நிமிடத்துக்குள் 30-ஐத் தாண்டிவிட்டது. பின்கதவின் ரப்பர் பட்டை கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. ஓடும் காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும்போது, பிளந்த சைலன்சரின் புகை சுழன்று அந்த இடைவெளி வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. தலைவலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அன்றைக்கே காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னோம்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. எக்ஸாஸ்ட்டில் ஓட்டை இருந்தால் அதிர்வுக்கு அதிர்வு வெளிக்காற்று உள்ளே இழுபடும். வால் குழாயில் அளவுமானி வைத்துப் பார்ப்பவருக்கு உண்மையைவிடக் குறைந்த கார்பன் மோனாக்சைடு தெரியும். "மிக்ஸ்சர் மெலிசாக இருக்கிறது" என்று எண்ணி அவர் பெட்ரோலைக் கூட்டிவிடுவார். இந்தக் காரில் அப்படித்தான் நடந்திருக்கிறது. மேனிஃபோல்டு இணைப்பைத் தற்காலிகமாக அடைத்து, சைலன்சர்களுக்கு முன்னால் குழாயில் வைத்து அளந்தபோது ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, 6 சதவீதம் காட்டியது. இருக்க வேண்டியது 3 சதவீதம் சுற்று வட்டாரம். 3 சதவீதம் என்பதே பத்து லட்சத்தில் 30,000 பங்கு. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத பழைய காரில் சின்னக் கசிவைக்கூட அலட்சியமாக விடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

பிரிட்டனில் 2018 மே முதல், 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. இந்தக் காரும் அந்தச் சலுகையில் ஓடிக்கொண்டிருந்தது, கடைசியாகப் பரிசோதனை செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பரிசோதனைக்குத்தான் விலக்கு. சாலையில் ஓடத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் பொறுப்புக்கு விலக்கு இல்லை. 1986-ம் ஆண்டு கட்டுமான, பயன்பாட்டு விதிகளின் 54-வது விதியும் பழைய கார்களுக்குப் பொருந்தும். சைலன்சர் நல்ல நிலையில் இருக்க வேண்டும், சத்தம் கூடும்படி அதை மாற்றக்கூடாது என்பது அந்த விதி. தேர்வு செய்யும்போது இதையும் மேசையில் வைத்தே பேசினோம்.

முன்னால் இருந்த வழிகள்

முதல் வழி, பழைய அமைப்பைப் போலவே இரண்டு சைலன்சர் கொண்ட சாதாரண மைல்டு ஸ்டீல் செட். விலை குறைவு. சத்தம் தொழிற்சாலையிலிருந்து வந்தது போலவே இருக்கும். ஆனால் குட்டி ஓட்டங்கள் ஓடும் இந்தக் காரில் சில வருடங்களில் பின் பெட்டி மறுபடி துருப்பிடிக்கும்.

இரண்டாவது, அதே இரண்டு பெட்டி அமைப்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். விலை ஏறக்குறைய இரு மடங்கு.

மூன்றாவது, "ஸ்போர்ட்ஸ்" செட். நடு சைலன்சர் கிடையாது, பின்னால் ஒரே ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் துளையிட்ட நேர்க்குழாய், சுற்றிலும் கண்ணாடி இழைப் பேக்கிங். இதுவும் ஸ்டெயின்லெஸ்.

நான்காவது, மேலே சொன்ன எதனோடாவது சேர்த்து, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டுக் குழாய்களால் ஆன மேனிஃபோல்டு போடுவது.

நான்காவதை முதலிலேயே தள்ளினோம். எம்ஜிபியின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு அதன் காலத்துக்கு நன்றாக வடிவமைக்கப்பட்ட ஒன்று. சாதாரண எஞ்சினில் அதை மாற்றிக் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். தொல்லை மட்டும் நிச்சயம். இந்த எஞ்சினில் பெட்ரோல் உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு மேனிஃபோல்டையும் ஒரே கேஸ்கெட்டின் (கசிவைத் தடுக்கும் தகடு) மேல் வைத்து, இரண்டின் விளிம்பையும் சேர்த்து அழுத்தும் தடித்த வாஷர்களால் முடுக்குவார்கள். குழாய் மேனிஃபோல்டின் விளிம்புத் தடிமன் பழையதோடு ஒத்துப்போகாவிட்டால் வாஷர் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். ஒன்று புகை கசியும், இல்லையென்றால் காற்று உள்ளே இழுக்கும். தவிர, மெல்லிய குழாய்கள் கார்பரேட்டருக்கு நேர் கீழே கூடுதல் வெப்பத்தை வீசும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது சூட்டில் எளிதாக ஆவியாகும். இந்தக் கார் எத்தனால் குறைந்த ஈ5 பெட்ரோலில்தான் ஓடுகிறது என்றாலும், கோடையில் கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கும் சிக்கலை நாமே ஏன் வரவழைக்க வேண்டும்?

ஸ்டெயின்லெஸ் பற்றியும் அவரிடம் விளக்கமாகப் பேசினோம். அந்தப் பெயரில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. 409 ரகத்தில் குரோமியம் 11 சதவீத அளவில்தான் இருக்கும், மேலே பழுப்பு படியும், காந்தம் ஒட்டும். 304 ரகத்தில் 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் இருக்கும், பொதுவாகக் காந்தம் ஒட்டாது. வளைத்த இடங்களில் 304-லும் காந்தம் லேசாகப் பிடிக்கும். அதனால் நேர்ப்பகுதியில் வைத்துப் பார்க்க வேண்டும். பல செட்டுகளில் குழாய் ஒரு ரகம், பெட்டியின் மேல்தகடு வேறு ரகம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது, ஆனால் பலரும் பளபளப்பைப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள்.

முதல் முடிவு

அவருடைய மனதில் மூன்றாவது வழிதான் இருந்தது. முந்தைய கோடையில் ஒரு கார் கூட்டத்தில் ஒற்றைப் பெட்டி மாட்டிய எம்ஜிபி ஒன்றைக் கேட்டிருக்கிறார். அது நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபோது வந்த அந்த ஆழ்ந்த குரலை எங்களிடம் விவரித்தபோது அவர் முகமே மாறிவிட்டது. அந்த ஆசையை நான் குறைவாக நினைக்கவில்லை. இந்தக் கார்களை மனிதர்கள் முப்பது வருடம் வைத்துக் காப்பாற்றுவதற்கு அந்தக் குரலும் ஒரு காரணம்.

அந்த செட்டின் சத்த அளவு பற்றி விற்பவரிடம் கேட்டோம். சாலைப் பயன்பாட்டுக்கு ஏற்றது என்றார். நாங்களும் அதே செட்டை அதற்கு முந்தைய வருடம் ஒரு ரோட்ஸ்டரில் மாட்டியிருந்தோம். அதன் உரிமையாளர் மகிழ்ச்சியாக இருந்தார். அந்த அனுபவத்தை நம்பிச் சரி என்று சொன்னோம். ரோட்ஸ்டருக்குப் பொருந்தியது ஜிடிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டதுதான் எங்கள் முதல் தவறு. எங்கே ஓட்டுகிறீர்கள், எந்த வேகத்தில், பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எக்ஸிட்டர் பயணம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கணக்கில் சேர்க்கவில்லை.

மாட்டிய விதம்

மேனிஃபோல்டு ஸ்டட்டுகளைக் காரிலேயே வைத்துக் கழற்ற முயன்றதில் இரண்டு ஒடிந்தன. கார்பரேட்டர்களையும் வெப்பத் தகட்டையும் எடுத்து, மேனிஃபோல்டை மேசைக்குக் கொண்டுவந்தோம். ஒடிந்த ஸ்டட்டின் முனையில் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியாகவே வெல்டு வைத்தோம். வெல்டின் சூட்டில் துருவின் பிடி விட்டுவிடும். செக்கச்செவேலென்ற நிறம் மங்கி, கறுப்பாகத் திரும்பும் நொடியில் ஸ்பேனரை வைத்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் "கிறீச்" என்று ஒரு சத்தம். அப்புறம் வெண்ணெயில் சுற்றுவதுபோல் வந்துவிடும். இரண்டும் அப்படியே வந்தன. புது ஸ்டட், புதுப் பித்தளை நட், செம்புப் பசை. விளிம்பு நேராக இருக்கிறதா என்று எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகே திரும்ப மாட்டினோம்.

பின்கதவுக்குப் புது ரப்பர் பட்டை போட்டோம். கசிவு நின்ற பிறகு கார்பரேட்டரின் ஜெட் நட்டுகளை மேல்நோக்கித் திருகி மிக்ஸ்சரைக் குறைத்தோம். வால் குழாயில் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. கை மீட்டரைக் காருக்குள் வைத்து எம்5-ல் ஒரு மணி நேரம் ஓட்டினோம். பூஜ்யம்.

இரண்டாவது தவறு இந்தக் கட்டத்தில் நடந்தது. புது செட்டை இரண்டு தூண் லிஃப்டில் வைத்து மாட்டினோம். அந்த லிஃப்ட் காரின் உடலைப் பிடித்துத் தூக்கும், சக்கரங்களும் பின் அச்சும் கீழே தொங்கும். அச்சுக்கு மேலே வளைந்து போகும் குழாய்க்கும் அச்சுக்கும் நடுவே நிறைய இடம் இருப்பதாகத் தெரிந்தது. காரை இறக்கியதும் அச்சு மேலே வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் இறக்கிய பிறகு யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் அவர் திரும்பி வந்தார். இருவரும் பயணப் பெட்டிகளோடு போகும்போது வேகத்தடையில் "டொக்" என்று அடிக்கிறது என்றார். பார்த்தால், குழாயின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பளபளப்பு. அதற்கு நேர் கீழே அச்சுக் குழாயில் பெயிண்ட் போயிருந்தது.

நான்கு தூண் லிஃப்டில், சக்கரத்தின் மேலேயே கார் நிற்கும்படி வைத்து, பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றி, கிளாம்புகளைத் தளர்த்திக் குழாயைத் திருப்பி வைத்தோம். அப்போது இன்னொன்றையும் சரிசெய்தோம். சூட்டில் ஸ்டெயின்லெஸ் 304 சாதாரண எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். மூன்று மீட்டர் குழாய் சராசரியாக 250 டிகிரி சூடேறினால் மைல்டு ஸ்டீல் 9 மில்லிமீட்டர் நீளும், 304 என்றால் 13 மில்லிமீட்டர். முன்பக்கம் எஞ்சினோடு கட்டப்பட்டிருப்பதால் அத்தனையும் பின்னோக்கித்தான் போகும். அதனால் ஆறிய நிலையில் தொங்கு ரப்பர்கள் சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கும்படி வைத்தோம். சூடானதும் நேராகிவிடும். ஓட்டிச் சூடாக்கி, கிளாம்புகளை மறுபடி முடுக்கி அனுப்பினோம். இடித்த சத்தம் அதோடு நின்றது.

மறுபடியும் தலைவலி

ஜூன் மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் தயக்கம். "எக்ஸிட்டர் போய் வந்தால் அவளுக்கு மறுபடியும் தலைவலி வருகிறது. போன வாரம் ரயிலில் போய்விட்டாள்."

எங்கள் மனதில் ஓடியது ஒன்றுதான், கசிவு. உடனே காரை நிறுத்தச் சொல்லி, நாங்களே போய் எடுத்துவந்தோம். வால் குழாயைத் துணியால் அடைத்து எஞ்சினை ஓடவிட்டு, இணைப்பு இணைப்பாகச் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். ஒரு குமிழியும் வரவில்லை. கை மீட்டர் இரண்டு மணி நேரமும் பூஜ்யம். கார் தரையின் ரப்பர் அடைப்பான்கள், பின்கதவுப் பட்டை எல்லாம் சரியாக இருந்தன. புகை இல்லை.

அடுத்து சத்தம். போனில் இருக்கும் டெசிபல் மீட்டரை வைத்து, இதே மாதிரி இரண்டு பெட்டி அமைப்புள்ள இன்னொரு ஜிடியோடு ஒப்பிட்டோம். வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. "சத்தமும் காரணம் இல்லை" என்று நான் நோட்டில் எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்க வைத்தவர் அந்த அம்மாவேதான். "நீங்கள் பின்னால் வராதீர்கள், என் இடத்தில் உட்காருங்கள்" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் கணவர் ஓட்டினார். 50 மைல் வேகத்தில் இனிமையான குரல்தான். 60-ல் லேசாக ஒரு கனம். 68 தாண்டியதும் காதில் பஞ்சை வைத்து அழுத்துவது போல ஆகிவிட்டது. காதில் விழும் சத்தத்தைவிட நெஞ்சிலும் நெற்றியிலும் ஒரு அழுத்தம் தெரிந்தது. 75-ல் கொஞ்சம் தணிந்தது. 70-க்குத் திரும்பியதும் மறுபடி வந்தது. கையில் இருந்த செய்தித்தாளிலிருந்து நான் ஒரு வரி வாசித்தேன். அவர் "என்ன?" என்றார். மறுபடி வாசித்தேன். மறுபடியும் "என்ன?". அடுத்த வெளியேறும் திருப்பம் வரை அப்படியே போனோம். இறங்கும்போது எனக்கே தலை கனத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. ஓவர்டிரைவில் இந்தக் கார் ஆயிரம் சுற்றுக்கு ஏறக்குறைய 22 மைல் வேகம் போகும். 70 மைலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும், அதாவது நொடிக்கு 106 அதிர்வு. அந்த அதிர்வெண்ணில் ஒலியலையின் பாதி நீளம் 1.6 மீட்டர். ஜிடியின் மூடிய உள்ளறை நீளமும் அதைவிட ரொம்பத் தள்ளி இல்லை. நடு சைலன்சர் இல்லாத நீண்ட வெற்றுக் குழாய் அந்த அதிர்வை அப்படியே பின்னால் கொண்டுவந்தது, கூரையும் பின்கதவும் மத்தளத் தோலைப் போல அதை வாங்கி அதிர்ந்தன. கூரை திறந்த ரோட்ஸ்டரில் அந்த அறையே கிடையாது. போன வருடம் ஒரு புகாரும் வராததற்குக் காரணம் அதுதான்.

மீட்டர் ஏன் ஏமாற்றியது? அந்த மீட்டர் மனிதக் காதின் உணர்திறனை ஒட்டி எடை போட்டுக் காட்டும் ஏ அளவீட்டில் இருந்தது. அது 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலைக் கழித்துவிடும். எங்களைத் தொந்தரவு செய்த ஒலியைத்தான் அது கழித்துக்கொண்டிருந்தது. எடை போடாத அளவீட்டுக்கு மாற்றியதும் இரண்டு காருக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

இரண்டாவது முடிவு

இந்த முறை கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசினோம். தரைக்கும் கூரைக்கும் அதிர்வு அடக்கும் தகடுகள் ஒட்டலாம். உயர்ந்த சுருதியுள்ள ஒலிக்கு அது நன்றாக உதவும், இவ்வளவு தாழ்ந்த சுருதிக்குப் பெரிய பயன் இருக்காது. ஒரு முனை அடைத்த பக்கக் குழாயைக் கணக்காக வெட்டி வெல்டு செய்தால் குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணை அடக்கலாம். கணக்குப்படி அதன் நீளம் ஒரு மீட்டருக்கு மேல் வந்தது. இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளும் இருக்கைக்குப் பின்னால் தரைக்குக் கீழே தொங்கும் இந்தக் காரில் அதற்கு இடம் எங்கே இருக்கிறது? இருக்கும் செட்டை வெட்டி நடுவில் ஒரு சைலன்சரைச் சேர்ப்பதும் முடிகிற காரியம்தான். ஆனால் அதன் குழாய் 2 அங்குலம், தரையிலிருந்து ஏற்கெனவே தாழ்ந்து நின்றது. பெரிய பெட்டியைச் சேர்த்தால் வேகத்தடையில் உரசும்.

ஆகவே இரண்டாவது வழிக்கே போனோம். பழைய அமைப்பின் அளவிலேயே இரண்டு பெட்டி, ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய், 304 ஸ்டெயின்லெஸ். வாங்குவதற்கு முன் அதே செட் மாட்டிய ஒரு ஜிடியைத் தேடிப் பிடித்து, அதன் உரிமையாளர் அனுமதியோடு இருவரையும் அதில் 70 மைல் வேகத்தில் அழைத்துப் போனோம். கணவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாமல் பின்னிருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார், அவராகவே கேட்டு. கூட்டத்தில் கேட்ட அந்தக் குரல் இதில் இல்லை என்று அவருக்கு வருத்தம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "ரயிலில் அவள் தனியாகப் போவதைவிட இது தேவலை" என்றார்.

ஜூலையில் மாட்டினோம். நான்கு தூண் லிஃப்ட், மணல் மூட்டை, சூடாக்கிய பின் இரண்டாவது முடுக்கல், எல்லாம் முதலிலிருந்தே. கூலியை நாங்கள் வாங்கவில்லை. செட்டின் விலையில் பாதியை ஏற்றுக்கொண்டோம்.

அதற்குப் பின்

எஞ்சின் இழுப்பில் அவருக்கு எந்தக் குறைவும் தெரியவில்லை. 95 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அந்தக் குழாய் போதும் என்றுதான் அதை வடிவமைத்தவர்கள் அன்றைக்கே முடிவு செய்தார்கள். எரிப்பு சரியா என்று காட்டும் ஸ்பார்க் பிளக்குகளின் நிறம் சரியாக இருந்தது. கார்பரேட்டர் ஊசியை மாற்றத் தேவைப்படவில்லை. கட்டாயமில்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை எம்.ஓ.டி. எடுத்துவிடுவது என்று அவரே முடிவு செய்தார். இரண்டு குளிர்காலம் கடந்த பிறகு லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். பெட்டியின் மடிப்புகள் சுத்தமாக இருந்தன. ஒரு தொங்கு ரப்பரில் மட்டும் வெடிப்பு கண்டு மாற்றினோம்.

அந்த அம்மாவுக்குத் தலைவலி வரவில்லை. முதல் எக்ஸிட்டர் பயணம் முடிந்து வந்ததும் குறுக்கெழுத்துப் பக்கத்தைப் பட்டறைக்கே கொண்டுவந்து காட்டினார். இரண்டு கட்டம் தவிர எல்லாம் நிரம்பியிருந்தது.

இன்று செய்தால்

முதல் பேச்சிலேயே பயணங்களைக் கேட்போம். எந்தச் சாலை, எந்த வேகம், எத்தனை மணி நேரம், பக்கத்தில் யார். மூடிய கூரைக் கார் என்றால் நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றும் என்று முதலில் கணக்குப் போடுவோம். நின்ற இடத்தில் மிதித்துக் கேட்கும் குரலை வைத்து முடிவெடுக்க விடமாட்டோம். அதே செட் மாட்டிய அதே ரகக் காரில் பயணியாக உட்கார்ந்து பார்த்த பிறகே ஆர்டர். ஒரு சனிக்கிழமை காலை அதற்குச் செலவானாலும் பரவாயில்லை.

ஸ்டட்டுகளைக் காரிலேயே வைத்து ஒடிப்பதற்குப் பதிலாக, ஐம்பது வயதுக் காரில் மேனிஃபோல்டை நேராக மேசைக்கே கொண்டுவந்துவிடுவோம். இறக்கி வைத்த காரின் அடியில் குனிந்து பார்க்காமல் சாவியைக் கொடுப்பதில்லை.

தலைவலி என்று யாராவது சொன்னால் முதலில் கார்பன் மோனாக்சைடைப் பார்ப்பது என்பதில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாவது முறை வேறு காரணம் என்று தெரிந்த பிறகும், அன்று காரை நிறுத்தச் சொன்னது சரிதான் என்றே நினைக்கிறேன்.

கழற்றிய ஒற்றைப் பெட்டி செட் மாதக்கணக்கில் எங்கள் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றது. அடுத்த வசந்தத்தில் ஒரு ரோட்ஸ்டர்காரர் வாங்கிப் போனார். அவர் மால்வெர்ன் குன்றுப் பக்கம் கூரையைத் திறந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டுபவர். தன் காரை அதோடு முதல்முறை ஓட்டிவிட்டு வந்து எஞ்சினை அணைக்காமலே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.